இளநீர்க்காரரின் மூன்று தட்டு

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். மழை விட்டும் பிரிக்பீல்ட்ஸில் புழுக்கம் அடங்கவில்லை. மூன்று ஆண்டுகளாக நான் இளநீர் குடிக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரருக்குப் புருவத்தில் முடியே கிடையாது. காயைக் கத்தியின் பின்புறத்தால் மூன்று முறை தட்டி, இளசா முற்றலா என்று பார்த்துத்தான் வெட்டுவார். அன்று தட்டவில்லை.

“ஏன்பா, தட்டலையா?”

“தட்டினா பிள்ளைங்க பயந்து ஓடுது அங்கிள். அஞ்சு பேரு சேர்ந்து ஒரு சாபம் புடிச்ச ஊரைப் பத்திப் பேய்க்கதை எழுதுறாங்களாம். அதுல புருவமில்லாத பேய் ஒன்னு, மண்டைய மூணு தட்டு தட்டித்தான் வெட்டுமாம். அப்படியே நான்தான் லா! ஸ்கூல் விட்டு இங்க நிக்கிற கூட்டம் இப்ப எதிர்க்கடையில நிக்குது.”

அந்த ஐவரில் நான் ஒருவன். அந்தப் பேயைப் படைத்தவனும் நான்தான். மற்ற நால்வரும் அதைத் தங்கள் கதைகளிலும் நடமாட விட்டிருந்தார்கள். பதினோரு கதைகள் ஆகிவிட்டன. இனி நான் மட்டும் நினைத்து அதைக் கொல்ல முடியாது.

“எழுதினவர் மேல கோபமில்லையா?”

“அவருக்கு என்னைத் தெரியாதில்ல அங்கிள். தெரிஞ்சிருந்தா எழுதுவாரா?”

சொல்லிவிட வாய் திறந்தவன், இளநீரில் வாய் வைத்தேன். தட்டாமல் வெட்டியதால் அது முற்றலாக இருந்தது; முழுவதும் குடித்தேன். ஐம்பது ரிங்கிட் நோட்டை அவர் கையில் திணித்து, “மீதி வேணாம்” என்று வேகமாக நடந்தேன். அவர் சாலை தாண்டி ஓடிவந்தார்.

“எதுக்கு அங்கிள் சும்மா காசு?” என்று நாற்பத்து நான்கு ரிங்கிட்டை என் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆக, எனக்கு ஆன மொத்தச் செலவு ஆறு ரிங்கிட்.