ஒரு கியருக்காக வாங்கிய மிஷின்

கள்ளக்குறிச்சியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களுடைய பழைய மில்லிங் மிஷினில் ஒரு கியரின் பல் தேய்ந்து வேலை நின்றுவிட்டது. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. உளுந்தூர்பேட்டை பழைய இரும்புக் கடைகளில் தேடியும் அந்தக் கியர் கிடைக்கவில்லை. கடைசியில், அதே மாடல் மிஷின் வடக்கனந்தலில் ஒரு வீட்டில் சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அதை ஓட்டியவர் இறந்துவிட்டார். "இரும்புக் கடைக்காரரு எத்தினியோ வாட்டி கேட்டாரு, நான் குடுக்கல. நீங்க ஓட்டறவரு, எடுத்துக்கினு போங்க" என்றார் அவருடைய மனைவி. நான் தலையாட்டினேன். கொண்டுவந்து கியரை மட்டும் கழற்றிக்கொண்டு, மீதியை எடைக்குப் போட்டுவிட்டேன்.

ஆயுத பூஜையன்று அந்த அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் சந்தனம், குங்குமம், மிஷினைச் சுற்றி வருமளவு நீளமாகத் தொடுத்த சாமந்தி மாலை.

"எங்க வூட்டுக்காரரு மிஷினு எங்கங்க?"

என் மிஷினின் மூடியைத் திறந்து கியரைக் காட்டினேன். "இது அவரோடதுதாம்மா."

"மீதி?"

"எடைக்குப் போட்டுட்டேம்மா" என்றேன். அவர் திட்டவில்லை. முந்தானையால் கியரின் எண்ணெயைத் துடைத்துப் பொட்டு வைத்தார். மாலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

இப்போதெல்லாம் பழைய மிஷின் கேட்டுப் போனால், "பிரிக்கத்தான் வாங்குறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் கொடுப்பதில்லை, வெறுங்கையோடு திரும்புகிறேன். ஆயுத பூஜையன்று முதல் வேலையாக அந்த மூடியைத் திறந்து கியருக்குப் பொட்டு வைக்கிறேன். மிஷின் ஓடத் தொடங்கியதும் அது எண்ணெயில் கரைந்துவிடுகிறது.