எழுநூற்று எண்பத்தொன்பதாவது கடிதம்

என் வீட்டுக்காரர் ஞானதாஸ் கோவளம் பள்ளிக்கூடத்தில் பியூன். மணி அடிப்பதும் ஆபீஸ் கடிதங்களைத் தபாலில் சேர்ப்பதும்தான் உத்தியோகம். ஆனால் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அதனால் சாயங்காலமானால் கடிதம் எழுத ஊரே எங்கள் வாசலில் வந்து நிற்கும். நான் அடுப்படியில் தனியாகக் கிடந்து வேகவேண்டியதுதான்.

மனுஷனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அவரவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட வெட்டமாட்டார். இருமினால் இருமலையும் எழுதிவிடுவார்.

எழுபத்தேழில் ஒருநாள் சுராயா வந்தாள். அவள் புருஷன் அப்துல் கையூம் குவைத்துக்குப் போய் நான்கு வருஷம். இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தான். அந்தப் பெண்ணுக்குப் பாதி உயிர் போய்விட்டது. எப்படியாவது அவனை வரவழைத்துவிட வேண்டும். பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கல்யாணத்தன்று அவன் மாமன் பேசிய பேச்சில் தொடங்கி, ஒழுகுகிற கூரைவரை திட்டித் தீர்த்தாள். கடைசியில் அழுதாள்.

"உங்க மொகமே மறந்துடும் போல கீது. வந்துடுங்க."

ஏரோகிராம் என்பது ஒரே நீலத்தாள். எழுதி, மடித்து ஒட்டவேண்டும். உள்ளே வேறு தாள் வைக்கக்கூடாது. சுராயாவின் பேச்சுக்கு அப்படி நான்கு தேவைப்பட்டன.

"யோவ், கொஞ்சம் சுருக்கித்தான் எழுதேன்" என்றேன்.

"மேரி, அது அந்தப் பொண்ணோட வார்த்த. நீ போயி கொழம்ப பாரு."

நாலாகப் பிரித்து, தனித்தனியாக விலாசம் எழுதி, தபாலில் போட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து டீக்கடை நூர்முகமது பாயிடம் பெருமையடித்திருக்கிறார். "வரிச மாறக்கூடாதுன்னு மேல நம்பர் போட்டேன் பாய். மொதல்ல வழக்கம்போல 786. அப்பால 787, 788, 789."

பாய் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா காரியம் பண்ணிக்கிற அண்ணாத்த! அல்லா பேரச் சொல்லி ஆரம்பிக்கிறோம்னு நாங்க போடற அடையாளம் அது. அதுக்கு மேல யாராவது எண்ணிக்கினு போவாங்களா?"

எத்தனை வருஷமாக பாய்மார் வீட்டுக் கடிதங்களில் 786 போட்ட ஆள்! பள்ளிக்கூடக் கடிதத்தின் தலையில் ஃபைல் நம்பர் இருக்குமே, அதுபோல இது வெளிநாட்டு ஃபைலின் நம்பர் என்று நினைத்திருக்கிறார். இந்த மூளையை வைத்துக்கொண்டு என்னிடம் அதிகாரம் வேறு.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "அந்தாளு கோவிச்சுக்கினு வராமயே போயிட்டா?" என்று புலம்பினார். சுராயாவிடம் சொல்லித் தொலை என்றேன். அதற்கும் தைரியமில்லை.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. சுராயாவுக்குப் படிக்கத் தெரியாது, இவரிடமே கொண்டுவந்தாள். பிரித்துப் படித்தார்.

"உன் கடிதம் ஒன்று கிடைத்தது. மேலே 789 என்று போட்டிருந்தாய். நான்கு வருஷத்தில் இத்தனை கடிதமா எழுதினாய்? எனக்கு வந்தது முப்பதுகூட இருக்காது. மிச்சத்தை எந்தப் பாவி கடலில் கொட்டினானோ! இதிலும் ஒரு வார்த்தை கோபமில்லையே. அறையில் எல்லாருக்கும் காட்டி அழுதேன். இன்னும் இரண்டு வருஷம் என்னால் முடியாது. அடுத்த மாதம் பம்பாய்க் கப்பலில் ஏறுகிறேன்."

கடைசித் தாள் மட்டும் முந்திக்கொண்டு போயிருக்கிறது! திட்டு நிறைந்த மூன்றும் எங்கே சுற்றிக்கொண்டிருக்கின்றனவோ. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போய், நடந்ததையெல்லாம் சுராயாவிடம் ஒப்புக்கொண்டார்.

"தப்பு என்னுதும்மா. உள்ளத அவருக்கு எழுதிப் போட்டுடறேன்."

சுராயா கடிதத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் எழுதாதீங்க அண்ணாத்த. நாலு வருசமா மனசுக்குள்ள நான் எழுதினத எண்ணினா, நீங்க போட்ட நம்பரு ரொம்பக் கம்மி."