செயினுக்கு அளவெடுத்த நாள்

மண்ணெண்ணெயில் ஊறிய இரும்பின் வாடையும் பச்சை ஏலக்காயின் மணமும் கலந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீடு அப்படித்தான் மணந்தது. போடிமெட்டுக்கு அப்பால், ஏலத்தோட்டச் சரிவில் தொழிலாளர்களுக்கென்று கட்டிய "லயம்" என்ற நீண்ட வரிசை வீட்டில் ஒரு கதவு எங்களுடையது. அம்மா காய் எடுக்கப் போவார், அப்பா காய் உலர்த்தும் "ஸ்டோரில்" நெருப்புப் பார்ப்பார், எங்களோடு இருந்த சித்தப்பா தோட்டத்து ஜீப்புகளைப் பழுது பார்ப்பார். அம்மா துணி அலசும் வாளியில் அவர் பழைய செயின்களை ஊறப்போட்டு வைத்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை இன்றும் சற்று நிமிர்ந்தே சொல்கிறேன். ஆனால் ஒன்பதாம் வகுப்புக்குப் போடிக்குப் போக வேண்டும். லயத்துக்கும் பஸ் வரும் சாலைக்கும் நடுவே காட்டெருமை குறுக்கிடும் மலைத்தடம் கிடந்தது. காலையில் ஜீப்புகள் எல்லாம் போடியிலிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மேலே வரும். நானோ அந்த நேரத்தில் கீழே போக வேண்டியவள்.

அதனால்தான் சித்தப்பா ஒரு மோட்டார் சைக்கிளைக் கட்ட ஆரம்பித்தார். ஒரு வண்டியின் இஞ்சின், வேறொன்றின் சட்டம், மூட்டை வைக்க இடம் வேண்டுமென்று ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிய சக்கரம், ஏற்றத்துக்காகப் பெரிய பல்சக்கரம் என்று அது வளர்ந்தது. அப்படிப்பட்ட வண்டிக்குக் கடைச் செயின் எதுவும் பொருந்தாது. இரண்டு செயின்களை வெட்டி ஒன்றாக்கத்தான் வேண்டும். எவ்வளவு நீளத்துக்கு என்பதுதான் கேள்வி.

கோடை மழை முந்தியதால் அந்த வருடம் காய் எடுப்பும் முந்திவிட்டது. தோட்டத்துக் கங்காணி ஒரு வழி சொன்னார். பச்சைக் காய் மூட்டைகளைத் தினமும் காலையில் சாலையோர ஸ்டோருக்கு இறக்கிக் கொடுத்தால், பெட்ரோல் தோட்டத்துப் பொறுப்பு, மூட்டைகளுக்கு முன்னால் நான் ஒட்டிக்கொள்ளலாம். வண்டி லோடு தாங்காவிட்டால் கழுதைக்காரருக்கு அந்த வேலை, எனக்கு அம்மாவோடு காய் எடுக்கும் வேலை.

வெள்ளோட்டம் பார்த்த அன்று வண்டி மூட்டைகளோடு முதல் பள்ளத்தில் இறங்கியதுமே செயின் "டணார்" என்று அறுந்து புதருக்குள் பாய்ந்தது. சித்தப்பா செயினைத் திட்டினார், அதை விற்றவனைத் திட்டினார். "இது ஆவுற சோலியில்ல அப்பு. நாளைக்கே கழுதைக்காரன வரச் சொல்லிர்றேன்" என்று அவரிடம் சொன்ன கங்காணி, மூட்டைகளை ஆட்கள் தலையில் ஏற்றிவிட்டு அனுப்பினார். அம்மா வண்டியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்புடி அளவெடுத்தீங்க தம்பி?"

"ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தத் தூக்கி வச்சுத்தான் மதினி."

"மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ரவிக்கைக்கு அளவு குடுத்தா, அதப் போட்டுக்கிட்டுச் சோறு திங்க முடியுமா?"

கேலியாகத்தான் கேட்டார். சித்தப்பா சிரிக்கவில்லை. குனிந்து, இருக்கையை இரு கைகளாலும் அழுத்திப் பார்த்தார். அதன் அடியிலிருந்த ஸ்பிரிங் சுருள்கள் அமுங்க அமுங்க, பின்சக்கரம் இஞ்சினைவிட்டுக் கொஞ்சம் விலகிப் போவது எனக்கும் தெரிந்தது. வெறும் வண்டிக்குச் சரியாக இருந்த செயின், பாரம் ஏறியதும் விறைத்துப் போயிருக்கிறது.

"மதினி, ஏறி உக்காருங்க."

"நான் என்ன ஏலக்கா மூட்டையா?" என்று முணுமுணுத்தபடியே அம்மா ஏறினார். அவருக்குப் பின்னால் அப்பா. வண்டி சாயாமல் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "குடும்பத்தையே லோடு ஏத்திட்டியா அப்பு?" என்று கங்காணி சிரித்தார்.

"இன்னும் ஒரு மூட்டை கொறையுதுண்ணே, நீங்களும் ஏறுங்க."

கங்காணி தயங்கி, சுற்றிலும் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் ஏறினார். வண்டி ஒரு முனகலோடு தாழ்ந்தது. "மூச்ச விடுங்க மதினி, வெயிட்டு கொறையப்போவுது" என்றார் சித்தப்பா. அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வண்டியே குலுங்கியது.

சாக்கு தைக்கும் சணலை இஞ்சினின் சின்னப் பல்சக்கரத்தையும் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டு அளவெடுத்தது நான்தான். அந்தச் சணலை, வாளியிலிருந்து எடுத்து இணைத்த நீளச் செயின்மேல் நீட்டி வைத்தால் முடிச்சு ஒரு கண்ணியின் நடுவில் விழுந்தது. செயினில் ஒரு கண்ணி குறுகலாகவும் அடுத்தது அகலமாகவும் மாறி மாறி வரும். இரண்டு முனைகளையும் பூட்ட வேண்டுமானால் ஜோடி ஜோடியாகத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். சித்தப்பா குறைக்கப் பார்த்தார்.

"கொறைச்சா மறுபடி விறைக்கும் சித்தப்பா. கூட்டியே வெட்டுங்க, தொளதொளன்னு இருந்தா சக்கரத்தப் பின்னுக்கு நகத்திக்கலாம்" என்றேன்.

அவர் சுத்தியலை ஓங்கியபடியே என்னைப் பார்த்தார்.

"அவ சொல்றதச் செய்யுங்க" என்றார் அம்மா, வண்டிமேல் இருந்தபடியே.

மறுநாள் காலை, சித்தப்பா வண்டியை ஓட்ட, முதுகில் மூட்டைகள் இடிக்க, முகத்தில் பனி அடிக்க, நான் மலையிறங்கினேன். செயின் அறுந்த பள்ளத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி குலுங்கி, எழுந்து, போய்க்கொண்டே இருந்தது. பள்ளி திறந்த பிறகும் அது போய்க்கொண்டேதான் இருந்தது, நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை.

இப்போது மதுரையில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். செயின் நீளத்துக்கான சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு ஒரு வரி போதும். போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அந்த மோட்டார் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டு வெகுநாளாகிறது. லயத்தில் வடக்கேயிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. சிமெண்டுச் சாலை மலையின் மறுபக்கமாகச் சுற்றி வருகிறது. நாங்கள் இறங்கிய தடத்தைத் தேடினேன். பள்ளத்தை மண் போட்டு நிரப்பி, தடம் முழுக்க ஏலச்செடி வைத்துவிட்டார்கள். செடிகளுக்கு நடுவே காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்கி, என்ன தேடுகிறீர்கள் என்று கையை ஆட்டி ஏதோ இந்தியில் கேட்டாள். எனக்கு அந்த மொழி தெரியாது.

"பள்ளிக்கூடத்துக்குப் போற வழி" என்று தமிழிலேயே சொன்னேன்.