எருமப்பட்டி மடமும் உச்சந்தலைச் சூடும்

கொல்லிமலை அடிவாரத்து யோக மடங்களுக்கு எப்படிப் போவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வழி சொல்கிறேன். ஆனால் நான் போனது யோகம் படிக்க அல்ல. யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு சித்திரை மாதத்தில், என் தங்கை தனபாக்கியத்தின் புருஷனை வீட்டுக்கு அழைத்து வரப் போனேன்.

மச்சான் அர்த்தநாரி சேலத்தில் தறி நெய்கிறவர். குழித்தறியில் குனிந்து குனிந்தே முதுகு போய்விட்டது. தைலம், ஒத்தடம் எதற்கும் மசியவில்லை. எருமப்பட்டிக்கு அப்பால் ஒரு மடத்தில் முதுகுத்தண்டை நிமிர்த்தி உட்காரச் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டுப் போனார். முதுகு உண்மையிலேயே நிமிர்ந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அதோடு விட்டிருக்க வேண்டாமா மனிதர்? மறுபடி போனவர் திரும்பவே இல்லை. காய்ச்சலாகக் கிடக்கிறார் என்று சந்தைக்கு வந்த ஒருவர் சொன்னதும் தங்கை என்னை பஸ் ஏற்றிவிட்டாள்.

சேலத்திலிருந்து நாமக்கல் முப்பத்து நாலு மைல். பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் கரியை எரித்து ஓடுகிற பஸ்தான். ராசிபுரம் தாண்டி ஒரு மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வெள்ளை வேட்டியோடு போகாதீர்கள். நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி பத்து மைல். அதற்கப்புறம் மாட்டு வண்டிதான். வண்டிக்காரர் செங்கோடனிடம் இருந்தது கடலை மூட்டை ஏற்றுகிற, மேலே கூண்டில்லாத மொட்டை வண்டி.

"கூண்டு வண்டி இல்லீங்களா?" என்றேன்.

"கண்ணாலத்துக்குப் போயிருக்குதுங்க. இதுல வாரதுன்னா ஏறுங்க."

மடம் என்றால் ஒரு ஓலைக் கொட்டகை. மண்சுவரில் சம்மணமிட்ட ஒரு மனித உருவத்தை வரைந்திருந்தார்கள். இடுப்புக்கு அடியில் மூலாதாரத்தில் தொடங்கி புருவ நடுவில் ஆக்ஞை வரை அந்த உடம்பில் ஆறு தாமரைகள். அடியில் உறங்கும் மூலக்கனல் ஒவ்வொன்றாக ஏறி உச்சந்தலையைத் தொட்டால் பிறவி தீர்ந்தது என்பது அவர்கள் நம்பிக்கை.

படத்துக்குக் கீழே பாயில் மச்சான் கிடந்தார். தொப்புள், நெஞ்சு, தொண்டை, புருவ நடு என்று சந்தனப் பொட்டுகள். மடத்துப் பெரியவர் தினமும் உடம்பைத் தொட்டுப் பார்த்து, சூடு ஏறிய இடத்தில் பொட்டு வைப்பது அங்கே வழக்கமாம். வைத்த பொட்டெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது.

"மொதல்ல வயித்துல எரிச்சலுங்க, அது மணிபூரகம். அப்பறம் நெஞ்சு படபடன்னு அடிச்சுது, அனாகதம். முந்தாநேத்து பேச்சு நின்னுபோச்சு, விசுத்தியத் தாண்டிட்டாருங்க," என்றார் பெரியவர். அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் டைபாய்டு என்கிற குடற்காய்ச்சலின் அடையாளம். குடற்காய்ச்சல் கண்டவர்களை எங்கள் தெருவில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"டாக்டரைக் கூப்பிட்டீங்களா?"

"மருந்து குடுத்தா இந்தச் சூடு எறங்கிப்போயிருமுங்க சாமி."

"எறங்கட்டும்னுதானுங்க வந்திருக்கேன்," என்றேன்.

மச்சான் கண் திறந்தார். என்னைத் தெரிந்தது. வரமாட்டேன் என்று தலையை ஆட்டினார். அந்தக் கண்ணில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. "தனம் சோறு திங்காமக் கெடக்கறா மச்சான்," என்றேன். தலை ஆடுவது நின்றது. நானும் செங்கோடனும் அவரைத் தூக்கி வண்டியில் கிடத்தினோம்.

பெரியவர் தடுக்கவில்லை. வண்டி வரைக்கும் கூடவே வந்தார். "வழியில ஏதாச்சும் ஆயிருச்சுன்னா உச்சந்தலையத் தொட்டுப் பாருங்க சாமி. சூடா இருந்தா எரிச்சுப்போடாதீங்க. உக்கார வெச்சு மண்ணுல எறக்குங்க." மச்சான் இதையே தங்கையிடமும் சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நாமக்கல் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்டச் சொன்னேன். மத்தியான வெயில். சாலையில் நிழலுக்கு ஒரு புளியமரம்கூட வாய்க்கவில்லை. என் துண்டை அவர் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் செங்கோடன் திரும்பிப் பார்த்து மாட்டை நிறுத்தினார்.

"மூச்சக் காணமுங்க," என்றார்.

உச்சந்தலையைத் தொட்டேன். சுட்டது. பக்கத்தில் வண்டிச் சட்டத்தைத் தொட்டேன். அதுவும் சுட்டது.

நூல் ஏற்றிப் போன லாரி ஒன்றைக் கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்துச் சேலம் வந்தோம். தங்கை அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "உச்சி சூடா இருந்துச்சாண்ணா?"

"இருந்துச்சு," என்றேன். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். மச்சானை உட்கார வைத்தே அடக்கம் செய்தோம். பக்கத்துத் தறிக்காரர்கள் உப்பும் விபூதியும் கொண்டுவந்து கொட்டினார்கள்.

போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், முதுகுக்கு நல்லது. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள், பொட்டு ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள். தனத்துக்கு எழுத்து தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். எங்கள் தெருப் பக்கம் வந்தால் அவளிடம் என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். வண்டிக்குக் கூண்டு இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.