கிராபிக்ஸ் டிரைவரில் ஓட்டை காட்டிய நாள்

ஃபெடரல் நெடுஞ்சாலை ஓரமாகக் கிள்ளான் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு விளம்பர ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அன்று மதியம் போயிருந்தது. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவனுக்கு அது பெரிய வேலை.

ஒரு பேரங்காடியின் பெருநாள் விளம்பரம் முழுவதும் காலையில் காணவில்லை. முடிந்த வேலைகளை டிசைனர் மாலாவின் கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டரில் பூட்டி வைப்போம். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு மட்டுமே அதை அழிக்க முடியும். பாஸ்வர்டு முதலாளிக்கும் எனக்கும்தான் தெரியும்.

“நான் செய்யல பாஸ்.”

“அப்ப நானா செஞ்சேன்?”

எனக்கு மாலாவின் கம்ப்யூட்டரில் புதிதாகப் போட்ட கிராபிக்ஸ் கார்டு மேல் சந்தேகம். அதன் டிரைவரோடு, திரையின் நிறத்தைச் சரிசெய்ய ஒரு சின்ன புரோகிராம் வந்திருந்தது. யாரும் லாகின் செய்வதற்கு முன்பே அது முழு உரிமையோடு ஓடத் தொடங்கிவிடும். ஆனால் அது இருந்த ஃபோல்டர் எல்லாருக்கும் திறந்து கிடந்தது. அதே பெயரில் வேறு புரோகிராமை வைத்தால் அதுவும் முழு உரிமையோடு ஓடும்.

முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாலாவின் கணக்கில் நுழைந்து, அங்கிருந்த கோப்பை அழித்துவிட்டு அதே பெயரில் என் கோப்பை வைத்துக் காட்டினேன். ரீஸ்டார்ட் ஆனதும் அவள் கணக்குக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வந்திருந்தது.

“பாத்தீங்களா பாஸ்? யாரு வேணும்னாலும் செய்யலாம்.”

முதலாளி திரையைப் பார்க்கவில்லை. “உன்னத் தவிர இங்க யாருக்குடா இது தெரியும்?”

“அவரு செஞ்சிருந்தா இப்படி உக்காந்து காட்டுவாரா பாஸ்?” என்றாள் மாலா.

“நீ சும்மா இரு லா. உன் பேர்லதான் செஞ்சு காட்டியிருக்கான். போலீஸ் வந்தா உன்னத்தான் கேக்கும்.”

மாலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள்.

பஸ்ஸுக்கு நடந்த பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. நான் தூக்கி எறிந்த அந்தப் பழைய கோப்பு கார்டோடு வந்ததுதானா, வேறு யாராவது வைத்ததா? தேதியைக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சியின் மேல் என் கோப்பைப் போட்டு மூடியிருந்தேன். இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஓட்டையைக் காட்ட வேறு மெஷினை எடுங்கள், சம்பவம் நடந்த மெஷினில் கை வைக்காதீர்கள்.

மறுநாள் காலை தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ரப்பர் தொழிற்சாலை வாசலில் நின்றேன். சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் தெரியுமா? ஸ்டோர்ல ஆள் வேணும்.”

“தெரியாதுண்ணே.”

லோரியில் பெட்டி ஏற்றப் போகச் சொன்னார்.