ஏரிக்கரையில் என் முணுமுணுப்பு

டாக்குரியா ஏரிக்கரையில் ஞாயிறு காலை டிஸ்க் கோல்ஃப் போட்டி. சங்கிலிகள் தொங்கும் கூடையில் தட்டை வீசிப் போட வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவருக்கு வெற்றி. எனக்கு ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதினாலே கவனம் சிதறிவிடும். அதனால் வீசுவதற்கு முன், "தோளை இறக்கு, மூச்சை விடு" என்று எனக்கு நானே தமிழில் முணுமுணுத்துக்கொள்வேன்.

அன்று என்னோடு ஆடியவர் என் வயதுள்ள ஒரு வங்காளிப் பெண். ஹிந்தியில் இரண்டு வார்த்தை பேசியதோடு சரி. பாதி ஆட்டத்தில் அவர் முந்தியதும் என் முணுமுணுப்பு தடம் மாறியது. அவர் குறிபார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, "தப்பணும், கை நடுங்கணும். திமிரப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீஸிலும் நான் இப்படித்தான். இந்த ஊரில் தமிழ் எனக்குத் தாழ்ப்பாள் போட்ட அறை என்று நினைப்பு.

கடைசிக் கூடைக்கு வருவதற்குள் எப்படியோ சமமாகிவிட்டேன். அங்கே அவருடைய தட்டு சங்கிலியில் பட்டு வெளியே விழுந்தது. நான் போட்டால் ஜெயம். காலை ஊன்றி நின்றேன்.

"அப்பா வைத்தியத்துக்காக ஒரு வருஷம் வேலூர்ல இருந்தோம்," என்றார் அவர், தமிழில். "நீங்க நிதானமா போடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தட்டு கூடையில் விழுந்தது. வாழ்த்துச் சொல்லி அவர் கை கொடுத்தார். நடுங்கியது என் கைதான்.