மலர்கொடி தட்டிப் பார்த்த கிண்ணங்கள்

மலர்கொடி காடாம்புலியூர்க்காரி. நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருஷமாகிறது. பலாப் பருவம் வந்துவிட்டால் ஊரிலிருந்து பழம் வரவழைத்து குவார்ட்டர்ஸ் வாசலில் குவித்துவிடுவாள். வாங்க வருகிறவர்கள் தாங்களாகப் பழத்தைத் தொடமாட்டார்கள். அவள் விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, இது நாளைக்கு, இது இரண்டு நாள் போகட்டும் என்று சொல்வதுதான் தீர்ப்பு.

அப்படிப்பட்ட காதுக்காரிக்குக் காது கேட்காத புருஷன். கொளஞ்சிநாதன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரமாகவே ஷிஃப்ட் ஷிஃப்டாக நின்றவர். கான்ட்ராக்டில் சேர்ந்து பர்மனெண்ட் ஆவதற்குள் பாதிக் காது போய்விட்டது. கீச்சென்று வரும் சத்தம் இனி விழாது, கனத்த சத்தம் கொஞ்சம் விழும் என்றார் டாக்டர். மலர்கொடிக்கோ கீச்சுக்குரல். அந்த மகராசனோ, அவள் வாங்கிக் கொடுத்த காது மிஷினைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆகவே அவள் கத்துவாள். ஓயாத சண்டை என்று நினைத்துச் சமாதானம் பேச வந்த பக்கத்து வீட்டு சாஹிரா, விஷயம் தெரிந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அன்றிலிருந்து சிநேகிதி.

ஆனால் மலர்கொடிக்குக் கத்திக் கத்தி அலுத்துப்போயிற்று. சாப்பிடக் கூப்பிடுவதற்குக்கூடக் கிட்டே போய்த் தோளைத் தொடவேண்டும். கூப்பிட்டால் மனுஷன் திரும்பவேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை.

இருவரும் நேபாளத்து முக்திநாத்துக்கு யாத்திரை கிளம்பியபோது சாஹிராதான் வழி சொன்னாள். அவள் மகன் அங்கிருந்து பாடும் கிண்ணம் ஒன்று, கோலால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும் வெண்கலக் கிண்ணம், வாங்கி வந்திருந்தான். அதில் பெரியதாக வாங்கினால் சத்தம் கனமாக வரும், அதைத் தட்டிக் கூப்பிடு என்றாள். பளபளப்பாக இருந்தால் மிஷினில் செய்தது, அசல் என்றால் சுத்தியல் அடித்த தழும்பு இருக்கும், தட்டினால் நாதம் நெடுநேரம் நிற்கும் என்று பாடமும் நடத்தினாள்.

காத்மாண்டு கடைக்காரர் பொறுமைசாலி. அவர் சொன்னதை வழிகாட்டி தமிழில் எடுத்துச் சொன்னார். மிகப் பழைய கிண்ணம், கிடைக்காத சாமான் என்று கடைக்காரர் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கோலால் தட்டினார். நாதம் இழுத்துக்கொண்டே போனதில் மலர்கொடியே சொக்கிப்போனாள். கொளஞ்சிநாதன் வாசலில் முதுகைக் காட்டி நின்று தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வேண்டும் என்றாள்.

கடைக்காரர் கிண்ணம் கிண்ணமாகத் தட்டினார். அவள் புருஷனின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தழும்பு இருந்தது, நாதமும் நின்றது, பிடரிதான் அசையவில்லை. இதைவிட அசல் எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டி சலித்துக்கொண்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. எங்க வூட்டுக்காரரு திரும்பிப் பாக்கலியே" என்றாள்.

மூலையில் சோற்றுக் குண்டான் அளவுக்கு ஒன்று கிடந்தது. கையால் அடித்ததுதான், ஆனால் போன மாதம் செய்தது, குரல் தடிப்பு, யாரும் விரும்புவதில்லை என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். மலர்கொடி அவரிடமிருந்து கோலை வாங்கி, தானே ஒரு தட்டுத் தட்டினாள்.

கொளஞ்சிநாதன் திரும்பினார்.

"இன்னா மலரு, கூப்ட்டியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள். கிண்ணத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பேரம் பேசவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.